சமைக்காத குசினிகளின் புத்தகம்

அஜந்தாவின் புத்தகத்துக்கு முதலில் அட்டைதான் வந்தது. உள்ளே ஒரு வரி கூட இல்லாத காலத்திலேயே, வாவியில் சூரியன் இறங்குகிற படமும் தாமரைப் பூவும் அவளுடைய பழைய போட்டோவும் போட்ட அட்டை ஒன்றை ஸ்ரூடியோக்காரர் செய்து அவளுடைய போனுக்கு அனுப்பிவிட்டார். அட்டைக்குப் பின்னால் ஆசியுரை வந்தது. அதற்குப் பின்னால் வாழ்த்துரை இரண்டு. ‘காலத்தின் தேவையறிந்து யாத்த இந்நூல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நூல் எதைப் பற்றியது என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்டிருந்தாலும் அவளிடம் பதில் இருந்திருக்காது.

இதில் அவளை மட்டும் பார்த்துச் சிரிக்க ஒன்றுமில்லை. அவள் போய்வந்த வெளியீட்டு விழாக்களில் பாதிப் புத்தகங்கள் அப்படித்தான் பிறந்தன. மண்டபம் பிடித்து, பிரதம விருந்தினருக்கு நாள் கேட்டு, முதற்பிரதி வாங்கப் போகிறவரைத் தேடிப் பிடித்து, அழைப்பிதழும் அடித்த பிறகு, மிஞ்சின நாட்களில் அவதி அவதியாக உள்ளே இருக்க வேண்டியதை எழுதுவார்கள். அஜந்தாவுக்கு அந்த அவதிகூட வரவில்லை. அட்டை இரண்டு வருடம் போனுக்குள்ளேயே கிடந்தது. நல்லது கெட்டதுக்குப் போகிற இடத்தில் யாராவது, “புத்தகம் எப்ப வருகுது?” என்று கேட்டால், “வரும், வரும்” என்று சொல்லிக் கறிவாளியை அடுத்த பந்திக்கு நகர்த்திவிடுவாள்.

அவள் தையல் ஆசிரியை. வீடு குருக்கள்மடத்தில். பயிற்சி நிலையம் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். காலையில் ஸ்கூட்டியைப் பாதையில் ஏற்றி அம்பிளாந்துறையில் இறங்க வேண்டும். ஆட்களையும் மோட்டார்சைக்கிள்களையும் சுமந்துகொண்டு வாவியைக் கடக்கிற அந்த இரும்புத் தட்டுக்கு ஊரில் பாதை என்றுதான் பெயர். இறங்கி, கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் நடுவே ஓடினால் பாலையடிமுனை வரும். சண்டை முடிந்த பிறகு வெளிநாட்டு உதவியில் கட்டிக் கொடுத்த வீட்டுத்திட்டம் அது. அவளிடம் தையல் பழகினவர்களில் முக்கால்வாசிப் பேர் அங்கிருந்துதான் வந்தார்கள்.

ஒரு நாள் அங்கே சீதேவிப்பிள்ளையின் வீட்டுக்கு, மருமகளின் தையல் மெஷினைப் பார்க்கப் போனாள். தண்ணீர் குடிக்கலாம் என்று குசினிக்குள் காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே நெல் மூட்டை, யூரியாப் பை, சங்கிலி கழன்ற சைக்கிள். மாபிள் ஒட்டின அடுப்பு மேடையில், பானை இருக்க வேண்டிய இடத்தில், வைக்கோல் பரப்பி ஒரு சிவப்புக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சோறு வேகிற வாசமோ வீட்டுக்குப் பின்னாலிருந்து வந்தது. அங்கே தென்னோலைக் கிடுகால் ஒரு சாய்ப்பு இறக்கி, நிலத்தில் மூன்று கல் வைத்து உலை கொதித்தது.

“இது குசினி இல்லியா, சீதேவியக்கா?”

“குசினிதான் ரீச்சர். நல்ல குசினி. சமைக்கத்தான் ஏலா.”

“பின்ன?”

“பின்ன என்ன? கோழிக்குப் புடிச்சிரிக்கி. அது இரிக்கி.”

அடுத்த வீட்டில் கோழி இல்லை, உரப்பை இருந்தது. அதற்கடுத்த வீட்டில் குசினியைச் சாமியறை ஆக்கியிருந்தார்கள். மூன்று வீட்டுக்கும் பின்னால் ஒரே மாதிரிக் கிடுகுச் சாய்ப்பு. அன்றைக்குப் பின்னேரம் பாதையில் திரும்பும்போது அஜந்தா பையைத் துழாவினாள். எழுதத் தாள் ஒன்றும் இல்லை. பிளவுஸ் அளவு வெட்டுகிற பிரவுண் பேப்பர்தான் சுருட்டிக் கிடந்தது. அதை ஸ்கூட்டியின் சீற்றில் விரித்து, சீதேவிப்பிள்ளை சொன்னதைச் சொன்ன மாதிரியே எழுதினாள். பாதை கரையைத் தட்டியபோது ஒரு பக்கம் முடிந்திருந்தது. வீட்டுக்குப் போய் அட்டையையும் ஆசியுரையையும் போனிலிருந்து அழித்தாள்.

அதற்குப் பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. பாதை கரையை விட்டால் எழுத்து. கரையைத் தட்டினால் பேனையை மூடிவிட வேண்டும், வசனம் பாதியில் நின்றாலும் சரி. பாதி வசனம் இருந்தால் அடுத்த நாள் எங்கே தொடங்குவது என்று யோசிக்கத் தேவையில்லை. மனம் வருகிறதா, ஓடுகிறதா என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை. பிளவுஸ் கேட்டு வருகிறவளிடம் மனம் வரவில்லை என்று சொல்ல முடியுமா? ஒன்றும் கிடைக்காத நாளில், கண்ட குசினி ஒன்றின் நீள அகலத்தை எழுதினாள். பாதையில் கூட வருகிற ஆம்பிளைகளுக்கு அது பெரிய பகிடி.

“என்ன ரீச்சர், பேப்பர விரிச்சு அளவெடுக்கிறீங்க. வாவிக்கும் பிளவுஸ் தைக்கப் போறீங்களா?”

“ஓம். உங்கட வாய்க்கும் ஒரு உறை தைக்கிறன். பட்டன் வெச்சு.”

ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்விதான் கேட்டாள். இந்த அடுப்பில் கடைசியாக எப்போது நெருப்பு வைத்தீர்கள்? அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பாள். ஆட்கள் தாமாகவே கதைத்தார்கள். மேடை உயரம், நின்று சமைத்தால் இடுப்பு உளைகிறது என்றார்கள். பெரிய பானை ஏறாது என்றார்கள். கதை சுற்றிச் சுற்றிப் புகையில் வந்து நின்றது. புகைக்கூடு புகையை வெளியே விடுவதில்லை. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசினால், போன புகை திரும்பி உள்ளே வந்து கண்ணைப் பிடுங்குகிறது.

எழுதினதை அவள் அந்தந்த வீட்டுக்கே கொண்டுபோய் வாசித்துக் காட்டுவாள். அந்த வழக்கம் ஒரு நல்ல அடி வாங்கியதால் வந்தது. சீதேவிப்பிள்ளையைப் பற்றி எழுதினதில், ‘தன் அவலத்தை அத்தாய் கண்ணீர் மல்கக் கூறினார்’ என்று போட்டிருந்தாள். வெளியீட்டு விழாக்களில் கேட்டுக் கேட்டுக் காதில் ஒட்டியிருந்த வசனம். சீதேவிப்பிள்ளை மீன் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“நான் எப்ப கா அழுதன்?”

“கண் கலங்கினீங்கதானே, அக்கா.”

“அது புகையில எரிஞ்சது. அழுகிற ஆளா நான்? ஆமி வந்து நிண்டப்பவும் நான் அழல்ல. ஒரு அடுப்புக்கு அழுவனா? வெட்டு அத.”

அஜந்தா வெட்டினாள். அது மட்டுமில்லை, வீட்டுக்கு வந்து மற்றப் பக்கங்களையும் விரித்துப் போட்டு, இருந்த கண்ணீரையெல்லாம் தேடித் தேடி வெட்டினாள். வெட்ட வெட்டத்தான் ஆட்களுடைய முகம் தெரிந்தது. வகுப்பில் தையல் கோணினால் பிரித்துத் தைக்கச் சொல்லிப் பிள்ளைகளை ஏசுகிறவள், தன்னுடைய தையலையும் பிரிக்க வேண்டியதுதானே என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். முதல் இரண்டு அத்தியாயமும் பிரித்துத் தைத்த பிறகு பாதியாக மெலிந்தன.

மூன்றாம் அத்தியாயம் புகைக்கூட்டைப் பற்றியது. அதில்தான் வினை இருந்தது. அந்தப் புகைக்கூடுகளைக் கட்டிய மேசன் வேறு யாருமில்லை, அவளுடைய புருசன் வினாயகமூர்த்தி. அத்தியாயத்தில் அவள், ‘அப்போது கட்டிய மேசன் ஒருவர்’ என்று மட்டும் எழுதியிருந்தாள்.

முழுதும் முடிந்ததும் பிரதியைக் கோணாமலை சேரிடம் கொண்டுபோனாள். இலக்கிய வட்டத்தின் தலைவர். மாவட்ட அரசாங்கக் கச்சேரியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். புத்தகம் போடுகிறவர்களுக்கு மண்டபம், அச்சகம், அணிந்துரை எல்லாம் அவர் வழியாகத்தான் வரும். மோசமான மனிதர் இல்லை. பச்சைப் பேனையால் அவளுடைய எழுத்துப் பிழைகளை ஒன்று விடாமல் திருத்தியிருந்தார். தேத்தண்ணி கொடுத்து, “நல்ல முயற்சி, தங்கச்சி” என்றார்.

“அணிந்துரை நான் எழுதுறன். மண்டபத்துக்கும் நான் கதைக்கிறன். அந்த மூண்டாம் அத்தியாயத்த மட்டும் எடுத்திருங்க.”

“ஏன் சேர்?”

“புத்தகம் எண்டா நல்லதச் சொல்லணும். கூரையில்லாமக் கிடந்த சனத்துக்கு வீடு குடுத்தது. அதப் போய் புகை, சாம்பல் எண்டு எழுதினா, உதவினவங்கட மனம் என்ன பாடு படும்?”

அந்த வீட்டுத்திட்டத்துக்கு மேற்பார்வை அதிகாரியாக இருந்தவர் அவரேதான் என்பது அஜந்தாவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

“வீடு நல்லம் எண்டு முதலாம் அத்தியாயத்தில எழுதியிரிக்கன் சேர். புகை வருகுது எண்டு மூண்டாவதில எழுதியிரிக்கன். ரெண்டும் உண்மை.”

“உண்மைய எழுதுறதுக்கும் ஒரு முறை இரிக்கி, தங்கச்சி.”

“முறையாத்தான் எழுதியிரிக்கன். சனம் சொன்னத சனத்துக்கிட்டயே வாசிச்சுக் காட்டித்துத்தான் வந்திரிக்கன்.”

கோணாமலை சேர் கண்ணாடியைக் கழற்றினார். குரல் கொஞ்சம் மாறியது. “எல்லாருக்கும் வாசிச்சிற்றீங்களா? கட்டினது உங்கட அவர்தானே? அவருக்குத் தெரியுமா, இப்பிடி எழுதினது?”

அஜந்தா பிரதியை எடுத்துப் பைக்குள் வைத்தாள். “அத்தியாயம் இரிக்கும் சேர்” என்று சொல்லிவிட்டுத்தான் எழும்பினாள். ஆனால் ஸ்கூட்டியில் வரும் வழி முழுவதும் அந்தக் கடைசிக் கேள்வி பின் சீற்றில் ஏறிக்கொண்டு கூடவே வந்தது. பாலையடிமுனையில் கோழி வளர்க்கிறவள் வரைக்கும் வாசித்துக் காட்டினவள், தன் வீட்டுக் குசினிக்கு அந்தத் தாளைக் கொண்டுபோகவில்லை. ‘மேசன் ஒருவர்’ என்று எழுதினது அவரைக் காப்பாற்றவா, தன்னைக் காப்பாற்றவா?

ஞாயிற்றுக்கிழமை வினாயகமூர்த்தி கிணற்றடியில் குந்தியிருந்து மணலை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அஜந்தா பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இஞ்சேருங்க, ஒண்டு வாசிக்கிறன். கேளுங்க.”

“மீன் வெட்டுறன்.”

“காதாலயா வெட்டுறீங்க?”

வாசித்தாள். ஒன்றையும் விடவில்லை. கச்சான் காற்று வந்தது, புகை திரும்பியது, சனம் குசினியை விட்டு வெளியேறியது, கூட்டுக்குள் மைனா கூடு கட்டியது. மீன் செதிளைச் சீவிய கை பாதியில் நின்றது. முடிந்ததும் அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“ஆரு அந்த மேசன் ஒருவர்?”

“உங்கட பேரப் போட மனம் வரல்ல.”

“சீதேவிப்பிள்ளைட பேரு இரிக்கி. அவள்ட கோழி சிவப்பு எண்டது வரைக்கும் இரிக்கி. வேகாத வெயிலுக்க அந்தக் கல்லு முழுக்க வெச்சவன் நான். எனக்குப் பேரில்லையா? கோழியவிடக் கேவலமாப் போயித்தனா?”

“போட்டா ஊர் சிரிக்குமே எண்டு—”

“சிரிக்கட்டும். ஆனா நீ எழுதினது பிழை. புகைக்கூடு பிழையில்ல. அதுகள் ஈரத் தேங்காய்ப் பொச்சையும் பச்சை விறகையும் வெச்சு எரிச்சா, எந்தக் கூடு புகைக்காது? அதோட, நீ எப்ப கா போய்க் கேட்டாய்? வைகாசி, ஆனி, ஆடி. கச்சான் அடிக்கிற மாசமாப் பாத்துப் போய்க் கேட்டா, கச்சான் கதைதான் சொல்லுவாங்க. மாரிக்குப் போனியா? கிடுகுச் சாய்ப்பு ஒழுகக்குள்ள எங்க சமைக்கிறாங்க எண்டு பாத்தியா?”

மீன் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்குக் கறி உறைப்பாக இருந்தது. இரண்டு பேரும் தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தின்றார்கள்.

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. கோணாமலை சேர் அத்தியாயத்தை எடுக்கச் சொன்னபோது வந்த கோபம் நல்ல கோபம், நிமிர்ந்து நிற்க வைத்தது. இது வேறு. இதில் அவர் கேட்டது சரியான கேள்வியாக இருந்தது. மாரிக்கு அவள் போகவில்லை. வெள்ளம் ஏறினால் வகுப்பு நின்றுவிடும், வகுப்பு நின்றால் பயணமும் நின்றுவிடும். அவளுக்குத் தோதான மாதங்களைத்தான் அவள் வருடம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அச்சகத்துக்குச் சொல்லியிருந்த நாளைத் தள்ளிப் போட்டாள். “பயந்திற்றா போல” என்று இலக்கிய வட்டத்தில் கதைத்தார்கள். கதைக்கட்டும் என்று விட்டாள். கார்த்திகை மழையில், வகுப்பு இல்லாத நாட்களில், மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு பாலையடிமுனைக்குப் போனாள். வினாயகமூர்த்தி சொன்னதில் பாதி உண்மை. கிடுகுச் சாய்ப்பு நனைந்த வீடுகளில் மூட்டையை ஒதுக்கிவிட்டு உள்ளேதான் சமைத்தார்கள். மேற்குக் காற்று இல்லாததால் புகையும் ஒழுங்காக மேலே போனது. மற்றப் பாதி உண்மையில்லை. காய்ந்த விறகை வைத்து எரித்தாலும், கச்சானுக்குக் கூடு தாங்காது என்று எல்லா வீட்டிலும் சொன்னார்கள். அவள் மூன்றாம் அத்தியாயத்தை அடியிலிருந்து பிரித்துத் திரும்பத் தைத்தாள். அது முன்னையவிட நீண்டது. ‘மேசன் ஒருவர்’ போய் வினாயகமூர்த்தி வந்தார்.

திருத்தினதையும் வாசித்துக் காட்டினாள். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

“நான் சொல்லுறன், எழுது.”

“நான் எழுத மாட்டன். மறுகா நான் மாத்திட்டன் எண்டுவீங்க. நீங்களே எழுதுங்க.”

“எழுதினா போடுவியா?”

“ஒரு எழுத்தும் மாத்தாமப் போடுவன்.”

அவர் சீமெந்துப் பையைக் கிழித்து, உள் தாளை உதறி, கல்லில் கோடு போடுகிற பென்சிலால் எழுதத் தொடங்கினார். ஒரு கிழமை எழுதினார். எழுதுகிறபோது யாராவது கிட்டப் போனால் கையால் மறைத்துக்கொண்டார். கடைசியில் கொண்டுவந்து தையல் மெஷினின் மேல் வைத்தார். வாசித்த அஜந்தாவுக்குக் கை பரபரத்தது. இரண்டு இடத்தில் அவளையே குத்தியிருந்தார். ‘அடுப்பில் சமைக்காமல் கடையப்பம் வாங்கித் தருகிற நாட்களில் என் மனைவி குசினிகளைப் பற்றி எழுதினார்’ என்றும் ஒரு வரி. வெட்டலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். சொன்ன சொல் இருந்தது. வெட்டவில்லை.

புத்தகம் ஆடி மாதம் வந்தது. தையலில் சேர்த்த காசில்தான் அச்சடித்தாள். கலர்ப் படங்களும் வாழ்த்துப் பக்கங்களும் இல்லாததால் அது கட்டுப்படியானது. அட்டையில் ஒரு அடுப்பு மேடையும் அதில் ஒரு கோழியும். திறந்தால் ஆசியுரை இல்லை, வாழ்த்துரை இல்லை. அணிந்துரை இருக்க வேண்டிய இடத்தில், கொட்டை எழுத்தில் ‘மறுப்புரை: வினாயகமூர்த்தி, மேசன்’ என்று இருந்தது.

மண்டபம் கிடைக்கவில்லை. வெளியீடு சீதேவிப்பிள்ளையின் வளவில், மரண உதவிச் சங்கத்தின் கதிரைகளில் நடந்தது. பிரதம விருந்தினர் இல்லை. வினாயகமூர்த்தி வெள்ளைச் சேட்டும் போட்டு, எழும்பி நின்று தன் மறுப்புரையை வாசித்தார். ஈரப் பொச்சு என்ற இடம் வந்ததும் பெண்கள் பக்கம் இரைச்சல் கிளம்பியது.

“மேசன்! எங்கட விறகு ஈரம் எண்டு ஆரு சொன்ன?”

“கூட்டுக்குள்ள மைனா இரிக்கிறதயும் எழுதுங்க!”

“மைனாவையும் நாங்களா கட்டி வெச்ச?”

கடைசி வரிசையில் கோணாமலை சேர் இருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. அவர் எழும்பி, “ஒரு தரப்பை மட்டும்—” என்று தொடங்கினார்.

“சேர்,” என்றாள் அஜந்தா, மைக்கைப் பிடித்தபடி. “உங்கட மறுப்பையும் எழுதித் தாங்க. அவர்ட மறுப்புக்குப் பக்கத்தில போடுறன். வெட்ட மாட்டன். ஆனா அத்தியாயம் இரிக்கும்.”

அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அதற்குள் சீதேவிப்பிள்ளை எழும்பி வந்து வினாயகமூர்த்தியின் கையைப் பிடித்துவிட்டாள்.

“வாய்க் கதை என்னத்துக்கு? இந்தா, இப்ப கச்சான் அடிக்குது. விறகு காஞ்ச வீர மரத்து விறகு, உங்கட கையால தொட்டுப் பாருங்க. உள்ள போய் எல்லாருக்கும் ஒரு தேத்தண்ணி வெச்சுத் தாங்க, மேசன்.”

கோழியைத் தூக்கி வெளியே விட்டார்கள். வினாயகமூர்த்தி சேட்டுக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் விறகு முறிகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கதவாலும் யன்னலாலும் புகை வந்தது. வெளியே சனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

“மேசன், எப்பிடி?”

“ஒண்டுமில்ல!” என்று உள்ளேயிருந்து இருமலோடு சேர்ந்து சத்தம் வந்தது. “நல்லா இரிக்கி!”

“வெளிய வாங்க!”

“கொதிக்கட்டும்! வர மாட்டன்!”

வரவில்லைதான். தண்ணீர் கொதித்து, தேயிலை போட்டு, கேத்தலைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தார். கண் இரண்டும் செவ்வரத்தம்பூவாக இருந்தன. கன்னத்தில் கோடு கோடாகத் தண்ணீர் இறங்கியிருந்தது. அஜந்தா பைக்குள்ளிருந்து பிரவுண் பேப்பரை எடுத்திருந்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

“இஞ்ச, கண்ணீர் மல்க எண்டு எழுதிராத.”

“பின்ன என்னெண்டு எழுத?”

“புகையில எரிஞ்சது எண்டு எழுது.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கு விளங்கியது. அவர் கேத்தலைச் சரித்து முதல் கோப்பையை ஊற்றினார். அஜந்தா கதிரைச் சட்டத்தில் தாளை வைத்து, அவர் சொன்னதைச் சொன்ன மாதிரியே எழுதினாள்.